54 சீட்டு, ஒரே முதுகு: கையால் ஒரு கட்டு செய்த கதை

கிளாவர் ஆறு தொலைந்துபோனதில்தான் ஆரம்பித்தது. சோபா இடுக்கு, அலமாரிக்குப் பின்னால், புத்தகங்களுக்கு நடுவே என்று எல்லாம் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. மற்ற 51 சீட்டும் இரண்டு ஜோக்கரும் நன்றாகவே இருந்தன. கட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அட்டை ஒன்றை அளவாக வெட்டி, பேனாவால் ஆறு கிளாவர் வரைந்து கட்டில் சொருகினேன். அன்று மாலையே அக்கா மகன், கவிழ்ந்து கிடந்த கட்டைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, நீங்க அடுத்து எடுக்கப்போறது உங்க கிளாவர் ஆறு."

ஜோக்கர் ஒன்றின் மேல் 'கிளாவர் 6' என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது மூன்று வாரம் கழித்து, இரண்டாவது கட்டில் பாதி முடிந்த பிறகு. அதற்குள், தொழிற்சாலைச் சீட்டுக்கு ஈடாக ஒரே ஒரு சீட்டு செய்வது நடக்காது, ஆனால் 54 சீட்டையும் நானே செய்துவிட்டால் அவை தங்களுக்குள் ஒன்றுபோல் இருந்தால் போதுமே என்று ஒரு கணக்குப் போட்டு இறங்கிவிட்டேன். கணக்கு சரிதான். 'ஒன்றுபோல்' என்ற சொல்லின் கனம்தான் அப்போது தெரியவில்லை.

முதலில் பழைய கட்டை அளந்தேன். அகலம் 63 மி.மீ., உயரம் 88. போக்கர் அளவு என்பது இது. பிரிட்ஜ் அளவு என்றால் உயரம் கிட்டத்தட்ட இதே, அகலம் மட்டும் 57. ஒரு சீட்டின் தடிமனை காலிபரில் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் காட்டியது. பத்துச் சீட்டைச் சேர்த்துப் பிடித்தேன், 2.9 மி.மீ. வந்தது. ஆக ஒன்று 0.29. மிச்சமிருந்த 53 சீட்டின் எடை 93 கிராம்.

அடுத்தது தாள் கணக்கு. இதில்தான் மயங்கிவிட்டேன். ஏ4 தாள் 210க்கு 297. குறுக்கே மூன்று சீட்டு வைத்தால் 189, நெடுக்கே மூன்று வைத்தால் 264. ஒரு தாளுக்கு ஒன்பது, ஆறு தாளுக்கு 54. அதாவது 52 சீட்டும் இரண்டு ஜோக்கரும் மிச்சம் மீதி இல்லாமல் அடங்குகின்றன. அதோடு நின்றதா? இஸ்பேட் ஏஸ் முதல் ஒன்பது வரை ஒரு தாள், ஆட்டின் ஒரு தாள், டைமன் ஒன்று, கிளாவர் ஒன்று. ஐந்தாவதில் நான்கு பத்து, நான்கு ஜாக்கி, ஒரு ஜோக்கர். ஆறாவதில் நான்கு ராணி, நான்கு ராஜா, இன்னொரு ஜோக்கர். இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. முதல் கட்டைக் கெடுத்ததே இந்த அழகுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சோதனைக்கு 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை என்ற கணக்கு) அட்டையில் ஒரு சீட்டை வெட்டி, பின்னால் டார்ச் பிடித்தேன். ஏஸ் பளிச்சென்று தெரிந்தது. கடையில் வாங்கிய சீட்டை டார்ச்சில் பிடித்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் அது ஒரே அட்டை இல்லை. இரண்டு தாள்களுக்கு நடுவே கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. கிழிந்த சீட்டு கையில் இருந்தால் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள், நடுவில் கறுப்பு தெரியும்.

ஆகவே இரண்டு 120 ஜி.எஸ்.எம். தாள், நடுவில் வெள்ளைப் பசை. பசையில் முதலில் கறுப்பு மை கலந்தேன். அது தாளுக்குள் ஊறி முகப்பக்கம் சாம்பல் பூத்தது. பிறகு பத்துப் பங்கு பசைக்கு ஒரு பங்கு கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் கலந்ததும் சரியாகிவிட்டது. பிரஷ்ஷால் தடவினால் பிரஷ்ஷின் கோடுகள் காய்ந்தபின் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பஞ்சு ரோலர்தான் சரி.

வளைவு என்னை ஒரு வாரம் ஆட்டிவைத்தது. ஒரு தாளில் மட்டும் பசை தடவி, உலர்ந்த தாளை அதன் மேல் ஒட்டினால், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி மற்றதையும் இழுத்துக்கொண்டு சுருள்கிறது. பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை இரண்டு நாள் அடுக்கினேன். எடுத்த அரை மணியில் மறுபடி ஓலைச்சுருள். இரண்டு தாளிலும் மெல்லிசாகப் பசை தடவ வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு தாளின் இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும். தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும்போது வளைவின் முதுகுக்கோடு எந்தத் திசையோ அதுதான் இழை. சீட்டின் 88 மி.மீ. பக்கத்தோடு இழை ஓடினால் கையில் விசிறி பிடிக்கும்போது துள்ளல் இருக்கிறது. குறுக்கே ஓடினால் துணி மாதிரி தொங்குகிறது.

முகம் வரைவது எனக்குப் பிடித்த பகுதி. பிரிண்டரில் அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அடித்திருக்கலாம்தான். ஆனால் பிரான்சில் இந்த நான்கு சின்னங்களும் உருவான 15ஆம் நூற்றாண்டிலேயே சீட்டு செய்பவர்கள் ஸ்டென்சில், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த தகடு, வைத்துத்தான் வண்ணம் பூசினார்கள். இரண்டே நிறம், தட்டையான வடிவம். வாளும் கோப்பையும் காசும் தடியுமாக இருந்த பழைய இத்தாலிய, ஸ்பானியச் சின்னங்களோடு ஒப்பிட்டால், இஸ்பேட்டும் ஆட்டினும் ஸ்டென்சிலுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கின்றன. அதைக் கையால் செய்து பார்க்காமல் விட முடியவில்லை.

பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையில் நான்கு சின்னங்களையும் 12 மி.மீ. அகலத்தில் ஒரு தரம், மூலைக்கென்று 5 மி.மீ.இல் ஒரு தரம் வெட்டினேன். எட்டு ஸ்டென்சில். கிளாவரின் மூன்று வட்டங்களைக் கட்டரால் வெட்டவே முடியவில்லை. தோல் துளைக்கும் குழாய் பஞ்ச்தான் கைகொடுத்தது. பஞ்சுத் துண்டில் அக்ரிலிக்கைத் தொட்டு, வேறொரு தாளில் பாதி ஒற்றியெடுத்துவிட்டு, பிறகு ஸ்டென்சிலில் செங்குத்தாகத் தட்ட வேண்டும். தேய்த்தால் ஓரத்துக்கு அடியில் கசியும்.

சின்னங்கள் எங்கே உட்காரும் என்பதற்கு ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். இடது ஓரத்திலிருந்து 18.5, 31.5, 44.5 மி.மீ. என்று மூன்று நெடுவரிசை. மேலிருந்து 16, 44, 72 என்று மூன்று வரிசை. ஆறு வரைக்கும் இது போதும். ஏழுக்கு நடு நெடுவரிசையில் 30இல் ஒன்று கூடுதல். எட்டுக்கு அதோடு 58இலும் ஒன்று. ஒன்பதை நான் மூன்றுக்கு மூன்று கட்டமாகப் போட்டுத் தாளைக் கெடுத்தேன். நிஜச் சீட்டில் அது ஓரங்களில் நாலு நாலு, நடுவில் ஒன்று. வாழ்நாள் முழுக்க கையில் பிடித்து விளையாடிய சீட்டு, இது என் கண்ணில் பட்டதே இல்லை. பத்தும் அதே நாலு நாலுதான், நடுவில் மட்டும் மேலே ஒன்று, கீழே ஒன்று.

இன்னொரு தாள் இதைவிட அசட்டுத்தனமாகப் போனது. சுலபம் என்று டைமனில் ஆரம்பித்திருந்தேன். டைமனுக்குத் தலைகீழ் கிடையாது, எப்படி வைத்தாலும் டைமன்தான். அதே கைவேகத்தில் ஆட்டினையும் ஒன்பது சீட்டுக்கும் நேராகவே தட்டிக்கொண்டு போய்விட்டேன். முடித்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. கீழ்ப் பாதியில் வரும் சின்னங்கள் தலைகீழாக இருக்க வேண்டும், எதிரே இருப்பவருக்கும் சீட்டு நேராகத் தெரிவதற்கு. நடு வரிசையில் இருப்பவை மட்டும் ஏதாவது ஒரு பக்கம் பார்த்தாக வேண்டும். அதனால்தான் இஸ்பேட், ஆட்டின், கிளாவரில் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9 ஆகிய ஏழுக்கும் மேல் கீழ் உண்டு, 2, 4, 10க்குக் கிடையாது. டைமனில் ஏழு மட்டும், கூடுதல் சின்னம் ஒரு பக்கம் இருப்பதால். ஆக மொத்தம் 22 சீட்டுக்குத்தான் திசை. ஸ்டென்சில் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்காது.

மூலை எழுத்துக்கு முதலில் தமிழ் போடலாம் என்று ஆசை. ராஜாவுக்கு 'ரா', ராணிக்கும் 'ரா'. அங்கேயே ஆசை முடிந்தது. ஆங்கிலக் கட்டிலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. ஜாக்கியின் பழைய பெயர் 'நேவ்', அதன் சுருக்கம் 'கேஎன்'. ராஜாவின் 'கே'யோடு குழம்பியதால்தான் அது 'ஜே' ஆனது. நானும் ஏ, ஜே, கியூ, கே என்ற ஆங்கில எழுத்துகளுக்கே திரும்பினேன். எழுத்தை ஓரத்திலிருந்து 9 மி.மீ. உள்ளே போட்டது இன்னொரு பிசகு. ரம்மிக்கு 13 சீட்டை விசிறியாகப் பிடித்தால் பக்கத்துச் சீட்டு அதை மறைத்துவிடுகிறது. எழுத்தும் குட்டிச் சின்னமும் ஓரத்திலிருந்து 8 மி.மீ.க்குள் முடிந்துவிட வேண்டும்.

பெரிய சின்னம் 220, படச்சீட்டுகளில் 24, மூலைகளில் 104. மொத்தம் 348 தடவை தட்டினேன், ஒரு கட்டுக்கு.

படச்சீட்டு பன்னிரண்டுக்கும் பாதி உருவம்தான் வரைய வேண்டும், மறுபாதி அதன் பிரதி. ட்ரேஸிங் பேப்பரை நடுவில் மடித்துப் பிரதி எடுத்தேன். அது கண்ணாடிப் பிம்பமாக வந்தது. மேலே வலக்கையில் வாள் வைத்திருக்கும் ராஜா கீழே இடக்கைக்காரன் ஆகிவிட்டார், மூலைச் சின்னமும் எதிர்மூலைக்கு ஓடிவிட்டது. மடிக்கக் கூடாது, நடுப்புள்ளியில் குண்டூசி குத்தித் தாளை அரைவட்டம் சுற்ற வேண்டும்.

இந்தப் படங்களைப் பார்த்து வரையும்போதுதான் அவர்களின் முகங்கள் பழகின. ஆட்டின் ராஜாவுக்கு மட்டும் மீசை இல்லை, அவர் வாள் தலைக்குப் பின்னால் போய் மறைகிறது. டைமன் ராஜா கையில் வாளுக்குப் பதில் கோடரி. அவரும் இஸ்பேட் ஜாக்கியும் ஆட்டின் ஜாக்கியும் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் ஒற்றைக் கண். ராணிகள் எல்லாரும் பூ வைத்திருக்க, இஸ்பேட் ராணியிடம் மட்டும் செங்கோலும் உண்டு. என் ராணிகளின் முகம் நான்கும் ஒரே சாயலில், கொஞ்சம் கோபமாக வந்துவிட்டன. மாற்றவில்லை.

முதுகுக்கு வருவோம். முகம் தப்பாக இருந்தால் அசிங்கம், அவ்வளவுதான். முதுகு தப்பாக இருந்தால் ஆட்டமே இல்லை. முதலில் ரப்பரில் பூவடிவம் செதுக்கி முத்திரை குத்தினேன். ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர். 54 சீட்டுக்கு 54 விதம். பிறகு டூத் பிரஷ்ஷால் நீல மையைச் சாரலாகத் தெளித்தேன். தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல் இருந்ததில் ஏமாந்தேன். அது ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கைரேகை, பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் பாதிக்கட்டு மனப்பாடம். சுற்றிலும் வெள்ளைக் கரை விட்டு லேசர் பிரிண்டரில் டிசைன் அடித்தேன். ஒட்டும்போது ஒரு மி.மீ. நகர்ந்ததில் ஒரு சீட்டின் கரை அகலம், இன்னொன்றின் கரை ஒல்லி. வெற்றுத் தாளை அப்படியே முதுகாக வைக்கலாமா என்றால், 19ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது, அழுக்கும் கீறலும் சீட்டைக் காட்டிக்கொடுத்ததால்தான் டிசைனே வந்தது. கடைசியில் கரையே இல்லாமல், 1.5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கோடுகள், தாள் முழுக்க. எங்கே வெட்டினாலும் ஓரம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அழுக்கையும் மறைக்கும்.

வெட்டுவதற்கு ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும். மூன்று தாளை அடுக்கி ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தேன், அடித்தாள் அரை மி.மீ. விலகியது. ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும், அழுத்தாமல் மூன்று இழுப்பில். ஸ்கேல் கொஞ்சம் சாய்ந்ததில் சில சீட்டுகள் ஒரு முனையில் 63.2, மறுமுனையில் 62.8 என்று வந்தன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒன்றை மட்டும் திருப்பிக் கட்டில் செருகினால் ஓரம் விரலில் தட்டி, உருவினால் தனியே வந்துவிடுகிறது. மந்திரவாதிகள் இதை வேண்டுமென்றே செய்வார்கள். நான் வேண்டாமலே செய்திருந்தேன். பிறகு ஒரு பலகையில் இரண்டு மரச்சட்டத்தை எல் வடிவில் அடித்து, சீட்டை அதில் முட்டவைத்து வெட்டியதும் வித்தியாசம் 0.1க்குள் அடங்கியது. மூலை உருட்ட 3 மி.மீ. ஆரமுள்ள பஞ்ச், 54 சீட்டுக்கு 216 அழுத்து.

மேற்பூச்சில் ஸ்பிரே வார்னிஷ் தோல்வி. வழவழப்பான இரண்டு பரப்பு ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, ஒரு சீட்டை இழுத்தால் மூன்று வந்தன. கடைச் சீட்டின் மேல் நுண்ணிய குழிகள் இருப்பது சும்மா இல்லை, நடுவே காற்று தங்கினால்தான் வழுக்கும். ஒட்டிய தாள் ஈரமாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் மெல்லிய பருத்தித் துணி வைத்து அழுத்திக் காயவிட்டேன். துணியின் பின்னல் லேசாகப் பதிந்தது. அதன் மேல் தேன்மெழுகைத் தேய்த்து, ஸ்பூனின் முதுகால் மெருகேற்றி, டால்கம் பவுடர் ஒரு சிட்டிகை. கடைச் சீட்டு அளவுக்கு இல்லை, ஆனால் கலைக்க முடிகிறது.

முதல் கட்டு இப்படி முடிந்து, பெருமையாக உட்கார்ந்து ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் அக்கா மகன் கட்டை வெட்டினான், அடியில் ஆட்டின். மறுபடி வெட்டினான், மறுபடி ஆட்டின். ஐந்துக்கு நாலு தடவை. கெட்டுப்போன ஆட்டின் தாளை வேறொரு நாள் தனியாகச் செய்திருந்தேன் அல்லவா, அன்று பசை கொஞ்சம் தடிப்பு. அந்த ஒன்பது சீட்டும் ஆளுக்கு 0.03 மி.மீ. கூடுதல் கனம். தடிப்பில் வித்தியாசம் இருந்த இடத்தில் கட்டு தானாகவே பிரிந்தது. ஒரு தாளுக்கு ஒரு ரகம் என்ற அந்த அழகான கணக்கு, தாளில் எந்தக் குறை வந்தாலும் அதை ஒரு ரகத்தின் முதுகில் எழுதிவைக்கிற கணக்காகிவிட்டது.

இரண்டாவது கட்டுக்கு 54 பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதி, குலுக்கிப் போட்டு, வந்த வரிசையில் ஆறு தாளிலும் இடம் ஒதுக்கினேன். ஸ்டென்சிலை மாற்றி மாற்றி எடுப்பது எரிச்சல்தான். ஆறு தாளையும் ஒரே மதியம், ஒரே கலவையில் ஒட்டினேன்.

அதிலும் ஒரு சீட்டு மாட்டியது. இஸ்பேட் ஏஸ். இங்கிலாந்தில் 1711 முதல் சீட்டுக்கட்டுக்குத் தனி வரி இருந்தது. 1765இலிருந்து வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஏஸை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது. அதைப் போலியாக அடித்ததற்கு 1805இல் ஒருவரைத் தூக்கிலேயே போட்டார்கள். வரி போய் எத்தனையோ காலமாயிற்று, 1960இலேயே நீக்கிவிட்டார்கள். ஏஸின் ஆடம்பரம் மட்டும் போகவில்லை. நானும் என் பங்குக்கு 40 மி.மீ. உயரத்தில் பெரிய இஸ்பேட், சுற்றிலும் கொடி, மூன்று பூச்சுக் கறுப்பு என்று போட்டிருந்தேன். அத்தனை பெயிண்ட் காய்ந்ததும் சீட்டு ஒரு பக்கமாக இம்மியளவு குழிந்தது. கவிழ்த்து வைத்தால் மேசையில் லேசாக ஆடும். "அது இஸ்பேட் ஏஸ்தானே மாமா?" என்று அக்கா மகன் தொடாமலே சொன்னான். அதை மட்டும் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை வெளிக்கோடு மட்டும், உள்ளே வெள்ளை.

திரும்பச் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஏழாவது தாள். அதே மதியம், அதே பசையில், முகம் எதுவும் வரையாமல் ஒன்றைக் கூடுதலாக ஒட்டிவைத்திருந்தேன்.

கணக்கு: தேவைப்பட்டது 12 தாள், செலவானது 38. பசை முக்கால் லிட்டர். கட்டர் பிளேடு ஒன்பது. காயும் நேரத்தை விட்டு, கையை வைத்து வேலை செய்தது இரண்டு கட்டுக்கும் சேர்த்து 40 மணி நேரத்துக்கு மேல். பத்துச் சீட்டு 3.1 மி.மீ., முழுக்கட்டு 16.8 மி.மீ., 87 கிராம். பழைய டப்பாவில் நுழையவில்லை, இனி அதற்கும் ஒன்று மடிக்க வேண்டும். அடுத்த தடவை 110 ஜி.எஸ்.எம். தாள் எடுப்பேன், பெயிண்ட்டை இன்னும் மெல்லிசாக ஒற்றுவேன், ராணிகளை வேறு யாரிடமாவது வரையச் சொல்வேன்.

ஏழாவது தாளில் எட்டு வெற்றுச் சீட்டு மிச்சம். வெட்டி, மூலை உருட்டி, மெழுகு போட்டு, கட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். கட்டைக் கலைக்கும்போது அவற்றையும் சேர்த்துக் கலைக்கிறேன், ஆடும்போது மட்டும் எடுத்து ஓரமாக வைக்கிறேன். இவையும் மற்றதோடு சேர்ந்து அழுக்காக வேண்டுமே.